குரல் தெரியும், முகம் தெரியாது: ஆர்ச்சர்ஸ் ஆண்டு விழாவுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

பிரிட்டனில் சில ஆண்டுகள் இருந்தால் இது யாருக்கும் நடக்கலாம். வேலை முடிந்து காரில் வரும்போது ரேடியோ 4 ஓடிக்கொண்டிருக்கும். ஏழு மணிச் செய்தி முடிந்ததும் ஒரு துள்ளல் மெட்டு வரும். அப்புறம் மாடு கத்தும், யாரோ இரண்டு பேர் பால் விலையைப் பற்றிச் சண்டை போடுவார்கள். முதல் மாதம் எரிச்சலாக இருக்கும். மூன்றாவது மாதம் வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் காரை அணைக்காமல் உட்கார்ந்திருப்பீர்கள். 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற அந்த பிபிசி வானொலித் தொடர் நாடகம் ஆளைப் பிடிப்பது அப்படித்தான்.

பிடித்த பிறகு என்றாவது ஒரு நாள் ஆண்டு விழாக் கூட்டம் ஒன்றின் அறிவிப்பு கண்ணில் படும். 1951 ஜனவரி 1 அன்று நாடு முழுவதும் ஒலிக்கத் தொடங்கிய நாடகம் இது. 2026-இல் 75 வயது. இப்படி ஒரு வட்டமான ஆண்டு வந்தால் நடிகர்களை மேடையில் உட்காரவைத்துப் பேசவிடும் நிகழ்ச்சிகள் அரங்குகளிலும் புத்தக விழாக்களிலும் நடக்கும். அப்படி ஒன்றுக்கு முதல் தடவை போகிற தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போன முதல் கூட்டத்தில் செய்யக்கூடாததில் பாதியைச் செய்துவிட்டுத்தான் வந்தேன்.

மூன்று மாதம் கையில் இருந்தால்

எல்லா எபிசோடையும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று கிளம்பாதீர்கள். 20,000-க்கும் மேல் வந்துவிட்டது. ஒன்றுக்குப் பதின்மூன்று நிமிடம் என்று வைத்தாலும், தூங்காமல் கேட்டால்கூட ஆறு மாதம் ஆகும். பழையவற்றில் பெரும்பகுதி ஒலிப்பதிவாக மிஞ்சவும் இல்லை. ஞாயிறு காலை வரும் வாரத் தொகுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிபிசி சவுண்ட்ஸ் செயலியில் பிறகும் கேட்கலாம். பன்னிரண்டு ஞாயிறு போதும், ஊர் பிடிபட்டுவிடும்.

கேட்கும்போது பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு குடும்ப மரம் வரையுங்கள். போர்செட்ஷயர் என்ற கற்பனை மாவட்டம், அதில் ஆம்பிரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமம். புரூக்ஃபீல்ட் பண்ணையில் டேவிட் ஆர்ச்சர், மனைவி ரூத், டேவிட்டின் அம்மா ஜில். ஹோம் ஃபார்மில் வசதியான ஆல்ட்ரிட்ஜ் குடும்பம். கிரேஞ்ச் ஃபார்மில் எப்போதும் ஏதாவது குறுக்கு வழி தேடும் கிரண்டி குடும்பம். யாருக்கு யார் சித்தப்பா, யாருக்கு யார் ஒன்றுவிட்ட தங்கை என்பதெல்லாம் நமக்குச் சுலபமாக வரும். இந்த விஷயத்தில் ஆங்கிலேயர்களைவிட நாம் ஒரு படி மேல் என்பது என் கட்சி.

இன்னொன்று, வாயே திறக்காத பாத்திரங்கள் ஊர் நிறைய உண்டு. எல்லோரும் அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள், குரல் மட்டும் வராது. புரூ ஃபாரஸ்ட் அப்படி வருடக்கணக்காகப் பேசாமல் இருந்து, 1989-இல் 10,000-ஆவது எபிசோடில் பேசினார். குரல் கொடுத்தவர் ஜூடி டென்ச். விழாவில் இது எப்படியும் பேச்சில் வரும், தெரிந்துகொண்டு போனால் சிரிக்கிற இடத்தில் சேர்ந்து சிரிக்கலாம்.

வரலாறு கொஞ்சம் தெரிந்தால் போதும். 1948-இல் பர்மிங்ஹாமில் விவசாயிகளையும் ஒலிபரப்பாளர்களையும் உட்காரவைத்து நடந்த கூட்டத்தில், எங்களுக்குத் தேவை ஒரு விவசாய டிக் பார்ட்டன் என்று ஒரு விவசாயி சொன்னார். டிக் பார்ட்டன் அந்தக் காலத்து வானொலித் துப்பறியும் வீரன். காட்ஃப்ரி பேஸ்லி என்ற தயாரிப்பாளர் அந்தப் பேச்சை விடாமல் பிடித்துக்கொண்டார். நாட்டில் உணவு ரேஷன் இருந்த காலம், அது முழுதாக முடிந்தது 1954-இல்தான். விளைச்சலைக் கூட்டும் வழிகளைக் கதைக்குள் ஒளித்துச் சொல்வதுதான் திட்டம். 1950 மே மாதம் மத்திய இங்கிலாந்துக்கு மட்டும் ஐந்து எபிசோட் வெள்ளோட்டம் பார்த்தார்கள். இதைப் படித்தபோது எனக்குத் திருச்சி வானொலியின் 'வீடும் வயலும்' ஞாபகம் வந்தது. அந்த நிலையம் எடுத்துச் சொல்லிப் பரவியதால் ஏ.டி.டி. 27 நெல்லுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் 'ரேடியோ நெல்' என்றே பேர் வந்தது. கூட்டத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சுக் கொடுக்க இதைவிட நல்ல விஷயம் எனக்குக் கிடைத்ததில்லை. தீவிர ரசிகர்கள்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், ஆவலோடு கேட்பார்கள்.

மூன்று நாட்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1955 செப்டம்பர் 22, டேவிட்டின் அப்பா ஃபில்லின் முதல் மனைவி கிரேஸ் லாயத் தீயில் இறந்தது. பிபிசிக்குப் போட்டியாக ஐடிவி தொலைக்காட்சி தொடங்கிய அதே இரவு அது, மறுநாள் எல்லோரும் பேசியது என்னவோ கிரேஸைப் பற்றித்தான். 2011 ஜனவரி 2, அறுபதாம் ஆண்டை ஒட்டி, டேவிட்டின் தங்கை கணவர் நைஜல் கூரையிலிருந்து விழுந்தது. 2016 ஏப்ரல் 3, ஹெலன் தன் கணவன் ராபைக் கத்தியால் குத்தியது.

முகத்தைப் பார்த்துவிட்டுப் போவதா, வேண்டாமா

ரசிகர்களில் இது ஒரு பெரிய தகராறு. நடிகர்களின் படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று பல வருடம் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் உண்டு. குரலைக் கேட்டு மனதில் ஒரு முகம் வரைந்துவிட்டோம், அதை ஏன் கெடுக்க வேண்டும் என்பார்கள். நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். என் மனதில் இருந்த டேவிட் ஆர்ச்சருக்கு என் பெரியப்பாவின் மீசை. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. பெரியப்பாவுக்கும் மாடு இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் கூட்டத்துக்குப் போவதாக முடிவு செய்துவிட்டால் அந்த விரதத்தை விட்டுவிடுங்கள். முந்தின வாரமே படங்களைப் பார்த்துவிடுவது நல்லது. நான் பார்க்காமல் போனேன். தேநீர் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரிடம் இருபது நிமிடம் மழையைப் பற்றியும் பார்க்கிங் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். அவரோ ரொம்ப நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் மேசைக்காரரிடம் "பால் வேண்டாம்" என்றார். இரண்டே சொல். என் கையிலிருந்த தட்டு ஆடிவிட்டது. வருடக்கணக்காக என் சமையலறையில் கேட்ட குரல். யார் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை, அவர் புன்னகைத்துவிட்டுப் போய்விட்டார். முகம் தெரிந்திருந்தால் அந்த இருபது நிமிடத்தை இப்படி வீணாக்கியிருக்க மாட்டேன். அல்லது பயந்து முதல் நிமிடமே ஓடியிருப்பேன், அதுவும் நடந்திருக்கும்.

படம் பார்க்கும்போது பெயரையும் சேர்த்துப் படியுங்கள், நாடகப் பெயரை அல்ல, சொந்தப் பெயரை. டேவிட்டாக 1982 முதல் வருபவர் டிம் பென்டிங்க். ஜில்லாக 1957 முதல் பட்ரீஷியா கிரீன். எடி கிரண்டி, டிரெவர் ஹாரிசன். ரூத், ஃபெலிசிட்டி ஃபின்ச். பிரையன் ஆல்ட்ரிட்ஜ், சார்லஸ் காலிங்வுட். இந்தக் காலிங்வுட் விஷயத்தில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். நாடகத்தில் அவர் மனைவியாக இருந்தவர் ஜெனிஃபர், 2023-இல் கதையில் இறந்துவிட்டார். நிஜத்தில் அவர் மனைவி ஜூடி பென்னெட், அதாவது நாடகத்தில் டேவிட்டின் அக்கா ஷுலா. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து ஏதோ கிசுகிசு கிடைத்துவிட்டது என்று துள்ளாதீர்கள்.

உஷா குப்தாவைப் பற்றி நம்மவர்கள் கட்டாயம் கேட்பார்கள். 1991-இல் ஆம்பிரிட்ஜுக்கு வந்த இந்திய வம்சாவளி வழக்கறிஞர். 2008-இல் ஊர்ப் பாதிரியார் ஆலனைக் கட்டிக்கொண்டார், இந்து முறைப்படியும் ஒரு சடங்கு நடந்தது. இன்று அந்தப் பாத்திரத்தைச் செய்யும் சுவாத் ஃபாரெஸ் இந்திய வம்சாவளியினர் அல்லர். ஆகவே அவரைப் பார்த்ததும் கைகூப்பி, சொந்த ஊர் எது என்று தொடங்க வேண்டாம்.

இன்னொரு சுவையான விஷயம். லண்டன் பிக்கடில்லி ரயில் பாதையில் பல ஆண்டுகள் "இடைவெளியைக் கவனியுங்கள்" என்று அறிவித்த குரல் டிம் பென்டிங்குடையது. ஹீத்ரோவில் பெட்டியோடு இறங்கி அந்த ரயில் ஏறிய நம்மவர்களில் பலருக்கு இந்த நாட்டில் காதில் விழுந்த முதல் குரல்களில் ஒன்று டேவிட் ஆர்ச்சராக இருந்திருக்கும்.

அன்றைய தினம்

டிக்கெட் வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். பேச்சுக்கு மட்டுமா, பிறகு கையெழுத்தும் சந்திப்பும் உண்டா? சிலவற்றில் அதற்குத் தனிக் கட்டணம் இருக்கும். தெரியாமல் போய் வாசலில் நிற்பது கஷ்டம். உட்காரும் இடத்தைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம். இங்கே பார்வையைவிடக் காதுக்குத்தான் வேலை, ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே இல்லாமல் நடுவில் எங்கே உட்கார்ந்தாலும் சரி.

தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து அந்த மெட்டை முனகுவார்கள். 'பார்விக் கிரீன்', ஆர்தர் வுட் 1924-இல் எழுதிய இசை. சொற்கள் கிடையாது, டம்-டி-டம் என்று ராகம் போட்டால் போதும். கூச்சப்படாமல் சேர்ந்துகொள்ளுங்கள்.

மேடையில் நடிகர்கள் ஒரு காட்சியைப் படித்துக் காட்டினால் அதை விட்டுவிடாதீர்கள். முடிந்தால் முதல் பாதி கண்ணை மூடிக் கேளுங்கள், பிறகு திறந்து பாருங்கள். வசனத்தை யாரும் மனப்பாடம் செய்வதில்லை, கையில் தாள் இருக்கும். அந்தத் தாளைச் சத்தம் வராமல் நகர்த்துவதே ஒரு கலை, அவர்கள் விரலைக் கவனியுங்கள். மைக்குக்கு அரை அடி நெருங்கினால் ரகசியம், இரண்டு அடி தள்ளித் தலையைத் திருப்பினால் அடுத்த அறை. முத்தம் என்றால் தன் புறங்கையிலேயே கொடுத்துக்கொள்வார்கள்.

சத்தங்கள் எப்படி வருகின்றன என்று செய்து காட்டினால் இன்னும் நல்லது. ஆர்ச்சர்ஸ் ஒலிப்பதிவு நடப்பது பர்மிங்ஹாம் மெயில்பாக்ஸ் கட்டடத்தில். அங்கே எதிரொலி உள்ள பகுதி, எதிரொலியே இல்லாத பகுதி, மரம், கம்பளம், சிமெண்டு என்று மூன்று விதமாகப் படிகள் எல்லாம் உண்டு. எதிரொலி இல்லாத இடத்தில் பேசினால் திறந்த வயல்வெளி. பண்ணையின் இரும்புக் கதவு? பழைய இஸ்திரி மேசை. அதை விரித்து மடக்கும் கிறீச்சொலியைத்தான் எத்தனையோ வருடமாகக் கதவு என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஆட்டுக்குட்டி பிறப்பதற்கு ஈரத் துண்டும் தயிரும். துண்டைத் தயிரில் தோய்த்துப் பழைய ஒலிநாடாக் குவியலின் மேல் சொத்தென்று போட்டால், வைக்கோலில் குட்டி விழுந்துவிடும். இதை என் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "தயிரை இப்படி வீணாக்குவாங்களாடி?" என்றுதான் கேட்டாள்.

கேள்வி நேரம்

அடுத்து என்ன நடக்கும் என்று கேட்காதீர்கள். ஒலிபரப்புக்குச் சில வாரங்கள் முன்பே பதிவு முடிந்துவிடுவதால் அவர்களுக்குப் பதில் தெரியும், ஆனால் சொல்லக்கூடாது. ஒருவர் கேட்பார், அவர்கள் சிரித்து மழுப்புவார்கள், ஒரு நல்ல கேள்விக்கான நேரம் போய்விடும். ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த ஒருவர் இருப்பார், அது நீங்களாக இருக்க வேண்டாம்.

கேட்பதற்கு விஷயமா இல்லை? இந்த நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. கதையில் ஆள் வந்தால்தான் வேலை, வந்த எபிசோடுக்குத்தான் கூலி. அதனால் பலருக்கு வேறு தொழிலும் உண்டு. சூசன் கார்ட்டராக வருபவர் மனநல ஆய்வில் உளவியலாளராக வேலை பார்த்தவர். ராபர்ட் ஸ்நெல்லாக இருந்த மறைந்த கிரஹாம் பிளாக்கி மருத்துவர். ஃபெலிசிட்டி ஃபின்ச் வானொலிச் செய்தியாளராக ஆப்கானிஸ்தான் வரை போனவர். இந்த இரண்டு வாழ்க்கையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நிற்காது. அல்லது 2020-ஐப் பற்றிக் கேளுங்கள். ஊரடங்கில் ஸ்டுடியோ மூடியதும் மே மாதம் சில வாரம் பழைய எபிசோடுகளைப் போட்டார்கள். அப்புறம் நடிகர்கள் அவரவர் வீட்டிலிருந்தே தனியாகப் பேசிப் பதிவு செய்து அனுப்பினார்கள். எதிரே ஆள் இல்லாமல் நடிப்பது எப்படி இருந்தது என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை வைத்திருப்பார்கள்.

ஒலிவாங்கி உங்கள் கைக்கு வந்ததும் முன்னுரை வேண்டாம். "நான் இத்தனை வருடமாகக் கேட்கிறேன், என் கணவர் ஆரம்பத்தில் கேலி செய்தார்" என்று நம்மவர்கள் நான்கு நிமிடம் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நானே எடுத்திருக்கிறேன். நேராகக் கேள்விக்கு வந்துவிடுங்கள்.

காலமானவர்களை நினைவுகூரும் நேரம் ஒன்று அநேகமாக இருக்கும். 1950 வெள்ளோட்டத்திலேயே ஹெலனின் பாட்டி பெகியாக இருந்த ஜூன் ஸ்பென்சர் 103 வயதில், 2022-இல்தான் ஓய்வு பெற்றார், 2024 நவம்பரில் 105 வயதில் மறைந்தார். ஃபில் ஆர்ச்சராக நார்மன் பெயின்டிங் 1950 முதல் 2009-இல் இறக்கும் வரை பேசினார். அந்தப் பெயர்கள் வரும்போது அரங்கம் அமைதியாகிவிடும், செல்போனை முன்கூட்டியே அணைத்து வையுங்கள்.

கையெழுத்து வரிசை

உங்கள் முறை வந்தால் முப்பது வினாடி கிடைக்கும். நடிகரைச் சொந்தப் பெயர் சொல்லி அழையுங்கள். முதல் பெயரே போதும், இந்த நாட்டில் அது மரியாதைக் குறைவு இல்லை. எண்பது, தொண்ணூறு வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்கு நாக்கு எழாது, தெரியும். "சார்", "மேடம்" என்று தொடங்கினால் அவர்களுக்குத்தான் சங்கடம். பெயரே வேண்டாம் என்றால் வெறுமனே வணக்கம் சொல்லி ஆரம்பியுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு காட்சியைச் சொல்லுங்கள். "நீங்கள் அருமையாக நடிக்கிறீர்கள்" என்பதை அவர்கள் அன்று நூறு முறை கேட்டிருப்பார்கள். "இன்ன காட்சியில் நீங்கள் பதில் சொல்லாமல் விட்ட மூச்சு இருக்கிறதே, அதைக் கேட்டு அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன்" என்றால் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒலி நடிகருக்கு மூச்சும் வசனம்தான். அதைக் கவனித்த ஆள் கிடைப்பது அவர்களுக்கு அபூர்வம். இந்த வாக்கியத்தை வீட்டிலேயே எழுதிப் பயிற்சி செய்துகொள்ளுங்கள், அங்கே போய் யோசித்தால் வராது.

"அந்தக் குரலில் ஒரு வரி பேசுங்களேன்" என்று கேட்கத் தோன்றும். பேசிக்கொண்டிருப்பதே அந்தக் குரலில்தான் என்பது கொஞ்சம் தாமதமாக உறைக்கும். ரூத்தின் புகழ்பெற்ற "ஓ... நோ..."வைக் கேட்டு வாங்கலாமா என்றால், வரிசை நீளமாக இல்லை, அவரும் உற்சாகமாக இருக்கிறார் என்றால் கேட்கலாம். போனில் பதிவு செய்வதாக இருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள். குரல்தான் அவர்களுடைய பிழைப்பு.

வில்லன்களிடம் அன்பாக இருங்கள். ராபாக வந்தவர் திமதி வாட்சன். கையெழுத்துப் போடும் மேசையில் அவர் உட்கார்ந்திருந்தால் நீங்கள் அறியாமலேயே உடல் ஒரு அடி பின்வாங்கும், குரலின் வேலை அப்படி. ஹெலனை அவன் வார்த்தையால் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்கிய அந்தக் கதை நடந்தபோது ஒரு ரசிகர் தொடங்கிய நிதியில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ரெஃப்யூஜ் அமைப்புக்குப் போனது அந்தப் பணம். உங்கள் வாழ்க்கையிலும் அப்படி ஒன்று நடந்திருந்து, அதை ஹெலனாக வந்த லூயிசா பட்டிகாஸிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தால், வரிசையில் நின்று சொல்வதைவிட ஒரு சிறு கடிதமாக எழுதிக் கொடுங்கள். உங்களுக்கும் அழுகையை அடக்க வேண்டியதில்லை, அவருக்கும் உட்கார்ந்து படிக்க நேரம் கிடைக்கும். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்மணி ஒரு நடிகையிடம் இப்படித்தான் உறையைக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நகர்ந்தார்.

பரிசாகப் பலகாரம் கொண்டு போகலாமா? முறுக்கு என்றால் நான் கொண்டு போவேன். என்னென்ன போட்டது என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், இங்கே கடலை ஒவ்வாமை அதிகம். கையெழுத்துக்கு நிகழ்ச்சி நிரலோ நல்ல நோட்டுப் புத்தகமோ போதும். பேனா மட்டும் இரண்டு.

மறுநாள் நேரம் இருந்தால்

வூஸ்டர்ஷயரில் இன்க்பெரோ என்ற கிராமத்தில் 'தி ஓல்ட் புல்' மதுக்கடை இருக்கிறது. ஆம்பிரிட்ஜின் 'தி புல்'லுக்கு அதுதான் முன்மாதிரி. பக்கத்தில் ஹான்பரி கிராமத்துத் தேவாலயம், ஆம்பிரிட்ஜின் புனித ஸ்டீபன் தேவாலயமாக உதவியது. இரண்டு ஊருக்கும் ரயில் நிலையம் இல்லை, கார் உள்ள நண்பரைப் பிடியுங்கள்.

வீட்டுக்கு வந்து அடுத்த எபிசோடைப் போட்டதும் ஒரு குழப்பம் வரும், பயப்பட வேண்டாம். டேவிட் பேசும்போது மேடையில் பார்த்த டிம் பென்டிங்க் கோட்டோடு வந்து மாட்டுத் தொழுவத்தில் நிற்பார். ஒரு வாரம், மிஞ்சிப் போனால் பத்து நாள். எனக்கு எட்டாவது நாள் அவர் போய்விட்டார். ஏழு மணிக்கு மெட்டு முடிந்தது, கதவு கிறீச்சிட்டது, இஸ்திரி மேசைதான் என்று தெரிந்தும் கதவாகவே கேட்டது, பெரியப்பா மீசையோடு பால் கறக்கப் போனார்.